சிலி தேசத்து மண்ணும் ஆயுத பூஜைப் பொரியும்

கடலூர் முதுநகர்,
3-12-66, சனிக்கிழமை

மகா கனம் பொருந்திய ரசாயனப் பேராசிரியர் நடனசபாபதி ஐயா அவர்கள் சமூகத்துக்கு, சிதம்பரத்தில் தங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக அட்டெண்டராக இருக்கும் பொன்னுரங்கம் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் வீட்டில் அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியமாக இல்லை. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்று லீவு எழுதிக் கொடுத்தேனே, அது பொய். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் கலங்கிப் போயிருக்கிறது.

ஐயா, திங்கட்கிழமை தாங்கள் டெல்லிக்கு ரயில் ஏறி, நூறு வருஷமாக மழையே காணாத சிலி தேசத்துப் பாலைவன மண்ணில் உயிரின் தடயம் இருக்கிறது, அதே மாதிரி மண்ணுள்ள செவ்வாய்க் கிரகத்திலும் இருக்கலாம் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் முன்னால் வாசிக்கப் போகிறீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஏறாதீர்கள். ஏன் என்று நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.

முதல் சீசா மண் வந்த அன்று தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "மண்ண வெந்நீர்ல ஊறவச்சு வடிகட்டி, அந்தத் தண்ணிய காகிதத்துல சொட்டு வச்சு, நின்ஹைட்ரின்னு ஒரு மருந்தத் தெளிச்சு சூடு காட்டணும். உயிரோட சம்பந்தப்பட்டது எது இருந்தாலும் ஊதாவா வரும். ஒன் வெரல் பட்டாக்கூட வரும், ஜாக்கிரதை." வந்தது. என் கட்டைவிரல் ரேகை, பத்திரத்தில் கைநாட்டு வைத்தது மாதிரி அத்தனை தெளிவாக வந்தது. மறுநாள் மதியச் சோற்றோடு கருவாடு தின்றுவிட்டுக் கை அலம்பித்தான் வந்தேன், மறுபடியும் ஊதா. கருவாட்டை விட்டேன். சிங்காரத்தோப்பு மீனவக் குப்பத்தில் பிறந்தவன், கருவாட்டை விட்டேன் ஐயா! என் சம்சாரம் தனம், "அந்த மண்ணுக்காவ நீ ஏன்யா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்குற? அது என்னா ஒன் மாமியார் வூட்டு மண்ணா?" என்று கேட்டாள். கண்ணாடிச் சாமான்களை ஆறு தடவை அலம்பினேன், இடுக்கி இல்லாமல் எதையும் தொடவில்லை, எச்சில் தெறிக்குமென்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தலையாட்டியே பேசினேன். மூன்றாவது வாரம் காகிதம் வெள்ளை வெளேரென்று வந்தது, மண்ணில் ஒன்றுமில்லை. தாங்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன் கை சுத்தம்யா, பொன்னுரங்கம்" என்றீர்கள். என்னை அப்படி அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

அப்புறம்தான் இந்தப் பாழாய்ப்போன இரண்டாவது சீசா வந்தது, அதே பாலைவனத்தில் மூன்றடி ஆழத்தில் தோண்டியதாம். வந்த மறுநாள் ஆயுத பூஜை. வழக்கம்போல் "பூஜைய நீயே பாத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். தராசுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன், மைக்ராஸ்கோப்புக்கு வைத்தேன், அடுப்புக்கு வைத்தேன், சீசாவுக்கும் வைத்தேன். ஆனால் அது மட்டும் மூடியோடு உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மூடிய பாத்திரத்துக்குப் படைக்கும் வழக்கம் இல்லை. கடல் தாண்டி வந்தது, நூறு வருஷமாக ஒரு வாய்த் தண்ணீர் பார்க்காதது, அதைப் பட்டினி போட எனக்கு மனசு வரலீங்க. மூடியைத் திறந்து நாலு பொரி, ரெண்டு பொட்டுக்கடலை உள்ளே போட்டேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் நாலு பொரியையும் ரெண்டு கடலையையும் எண்ணி எடுத்துவிட்டேன். இடுக்கியால்தான் எடுத்தேன் ஐயா, கை படவில்லை.

அடுத்த வாரம் காகிதத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வரிசையாக ஏழு பொட்டு. "ஐயா, ஒருவேளை..." என்று நான் ஆரம்பித்தேன். தாங்கள் என் ரெண்டு தோளையும் பிடித்துக் குலுக்கி, "ஒருவேளையும் கெடையாது, ரெண்டு வேளையும் கெடையாது! ஒன் கை சுத்தம்னு எனக்குத் தெரியும். இது மண்ணுலேர்ந்துதான் வந்துது!" என்றீர்கள். அன்றைக்கே என்னை நிரந்தரமாக்கச் சொல்லி ஆபீசுக்கு எழுதினீர்கள். தலைமை குமாஸ்தா சக்கரபாணி, "செவ்வா கெரகம் ஒனக்கு உத்தியோகம் குடுக்கப் போவுது போ" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் பாவம்.

ஏன் திறக்கவில்லை என்றால், இந்த வேலை போனால் என் மச்சான் பழனிவேலோடு கட்டுமரம் ஏற வேண்டும். எங்கள் குப்பத்தில் அலையில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான்தான். "மச்சான், நீ மீன் புடிக்க வர்றியா, மீனுக்கு எர போட வர்றியா?" என்று அவன் கேட்டுப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் குப்பத்து ஆளுங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். டெல்லியில் அத்தனை பேர் கூடி ஐயாவைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. ஆகவே இதையே என் ராஜினாமாவாக ஏற்றுக்கொண்டு, ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடவும்.

தாங்களும் அம்மாவும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். சிலி தேசத்தில் வெயிலில் நின்று மண் தோண்டிய அந்த முகம் தெரியாத துரைக்கும் என் மன்னிப்பைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரர் வந்தார். என்னை நிரந்தரமாக்கி ஆர்டர் வந்துவிட்டது. தனம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். "அந்த லெட்டர அடுப்புல போட்டுட்டு வாய்யா" என்கிறாள். மூன்று தடவை அடுப்பு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன், போட முடியவில்லை. ஆகவே ஆர்டரையும் இதையும் ஒரே உறையில் வைத்து, இங்கே உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டு நாளைக் காலை சிதம்பரம் திரும்பும் சக்கரபாணியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆர்டரில் கீழே இடது பக்கம் தங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது. மேலே எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்னால் போட்டுவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.