செயலிக்குக் குடியிருப்பு ஒதுக்கீடு

எந்த வார்டில் எத்தனை கட்டில் காலி என்று காட்டும் இணையச் செயலி ஒன்றை அந்த மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவுப் பெண் எழுதினாள். வார்டைத் தொட்டால் கட்டில் தெரியும். தேதியை நகர்த்தினால் நாளைய நிலவரமும் தெரியும். வாசலில் பெரிய டிவியில் அதை ஓடவிட்டார்கள்.

செயலி குடியிருந்ததோ அவளுடைய மடிக்கணினியில். மூடினால் செயலியும் கண்ணை மூடிவிடும். நிறைமாத வயிற்றோடு, சாப்பிடப் போகும்போதுகூட அதைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"நான் லீவுல போறதுக்குள்ள இதுக்கு ஒரு இடம் பாத்துக் குடுங்க சார்."

இயக்குநர் உடனே உயர்நிலைக் குழு அமைத்தார். குழு ஆழ்ந்து பரிசீலித்தது. சொந்த சர்வரில் வைக்கலாமென்றால், அதற்கான குளிர்சாதன அறையில் கணக்கு அதிகாரி மதியம் ஓய்வெடுக்கிறார். வாடகை சர்வர் என்றால், நம் கட்டில் அடுத்தவன் வீட்டில் கிடப்பது கௌரவக் குறைச்சல். இப்படிப்பட்ட செயலிகளைப் பராமரிக்கவென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அது மலிவாக இருப்பதே ஐயத்துக்கு இடமளிப்பதாகப் பதிவானது. எல்லாரும் கிளவுடில் இருக்கிறார்களே, நமக்கும் வேண்டும் என்றார் இயக்குநர். அவள் சொன்னதும் அதுதான் என்று விளக்கியதும், கொஞ்சம் பெரிய கிளவுடாகப் பார்க்கச் சொன்னார்.

கடைசியில் மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு செயலி கேட்டார்கள். செய்து கொடுத்தாள். அதுவும் அவள் மடிக்கணினியில்தான் ஓடியது. வண்ணப் பட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதில் குழுவுக்கு முடிவெடுக்க நேரமில்லை.

ஒருநாள் அவளுக்கு வலி எடுத்தது. கணவன் ஓடிவந்து மடிக்கணினியை மூடிப் பையில் போட்டு, அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துவந்தான். டிவியில் கடைசிப் படம் அப்படியே நின்றிருந்தது: நான்கு கட்டில் காலி.

"இங்கயே காலியா இருக்கே" என்றான்.

"அந்த நாலும் நம்ம பையில இருக்கு. வேற ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

டிவி ஆடாமல் அசையாமல் நிற்பதைக் கண்ட குழு, செயலி ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டதாகப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

மறுவாரம் இயக்குநரின் மாமனாருக்கு நெஞ்சுவலி. நாலு கட்டில் இருக்கிறதென்று தைரியம் சொல்லி மாப்பிள்ளையே கூட்டிவந்தார். ஒன்றுகூட இல்லையென்று நர்ஸ் கையை விரித்தாள். பெரியவரை நடைபாதை பெஞ்சில் சாய்த்து வைத்தார்கள்.

"இல்லைன்னா டிவியில எப்படிம்மா வரும்?" என்று இயக்குநர் குரலை உயர்த்தினார்.

பக்கத்தில் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவரைச் சமாதானப்படுத்தினார். "பொறுங்கய்யா. நாலு காலியா இருக்குல்ல, எப்படியும் கூப்பிடுவாங்க."

பெஞ்சு பெஞ்சாக நீண்ட வரிசை முழுக்கத் தலையாட்டியது. கூப்பிடப்போகும் அந்த நாலு பேரில் தானும் ஒருவர் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை.