தரவைத் தின்ற எறும்புதின்னி

ஒரு காட்டில் ராஜா இல்லை, மந்திரி இல்லை, ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதனால் அந்தக் காட்டில் வேட்டைக்காரர்களைவிட ஆய்வு மாணவர்கள் அதிகம். கதையைச் சொல்கிற நான் ஒரு பல்லி. அங்கே முதுநிலை மாணவர் நல உதவி மையம் என்று ஒன்று உண்டு. அதன் சுவரில்தான் என் குடித்தனம். நானும் முனைவர் பட்ட ஆய்வாளன்தான். ஆய்வை இன்னும் தொடங்கவில்லை என்பதால் அடுத்தவர் விவகாரத்தைக் கவனிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

அங்கே சுருளி என்று ஓர் எறும்புதின்னி படித்தது. ரொம்ப சாது. உடம்பெல்லாம் கெட்டியான செதில், உள்ளே பஞ்சு மனசு. யாராவது குரலை உயர்த்தினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். "ஆய்வு எப்போது முடியும்?" என்று மெதுவாகக் கேட்டாலும் சுருண்டுகொள்ளும். விடுதியில் அதை அடிக்கடி உருட்டிக்கொண்டுபோய் அறையில் விட வேண்டியிருந்தது.

அதன் ஆய்வுத் தலைப்பு 'கறையான் புற்றில் வேலைப் பங்கீடு'. எந்தக் கறையான் மண் சுமக்கிறது, எது குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கிறது, எது சும்மா சுற்றுகிறது என்று கவனித்து எழுத வேண்டும். தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது சுருளிக்குக் கறையான்மேல் அளவில்லாத ஆர்வம். அது எப்படிப்பட்ட ஆர்வம் என்று புற்றுக்குப் போன பிறகுதான் அதற்கே தெரிந்தது.

புற்றின் அருகே போய் உட்காரும். கறையான்கள் வரிசையாக வரும். 'முதலில் வருவது வேலைக்காரக் கறையான்' என்று எழுதத் தொடங்கும். வாக்கியம் முடிவதற்குள் நாக்கு நீண்டுவிடும். நிமிர்ந்து பார்த்தால் புற்று காலி, வயிறு நிறைவு, காகிதம் வெறுமை.

சுருளியின் நெறியாளர் கூரப்பன் என்ற முள்ளம்பன்றி. பெரிய அறிஞர். ஆனால் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் தானாகக் காலியாகிவிடும்.

"தரவு எங்கேப்பா?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"சேகரிச்சிட்டேன் சார்."

"எங்க வச்சிருக்க?"

"உள்ள இருக்கு சார்."

"அப்ப எடுத்துட்டு வா."

சுருளி சுருண்டுகொண்டது.

கூரப்பன் பெருமூச்சு விட்டார். முட்கள் சலசலத்தன. "கேட்டுக்க. கார்காலத்து முதல் மழைக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கணும். இல்லைன்னா உன் பதிவு ரத்தாயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

சுருளியின் குலத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் அதுதான். அதன் அம்மா மலை அடிவாரத்தில் பொந்து தோண்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் போன் பண்ணும்.

"முடிஞ்சிருச்சா கண்ணு?"

"கடைசிக் கட்டம்மா."

"போன வருஷமும் அதத்தானே சொன்ன?"

"அது வேற கடைசிக் கட்டம்மா."

பக்கத்து அறையில் பொம்மி என்று ஒரு கீரி இருந்தது. சுருளிக்கு மூத்த மாணவி. ஒருநாள் அது சுருளியைக் காலால் தட்டி எழுப்பியது.

"டேய், எத்தனை நாளைக்கு உருண்டுக்கிட்டே கிடப்ப? உதவி மையத்துக்குப் போடா."

"போனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்கா."

"இப்ப மட்டும் தெரியாதா? நேத்து உன்னைப் பந்துன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. விளையாட்டு மைதானத்துலேர்ந்து நான்தான் மீட்டுட்டு வந்தேன்."

சுருளி மையத்துக்கு வந்தது. நான் சுவரில் வசதியாக ஒட்டிக்கொண்டேன்.

வாசலில் ஓணான் உட்கார்ந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் என்பதால் அதற்கு வரவேற்பாளர் வேலை கிடைத்திருந்தது.

"என்ன பிரச்சினை?" என்றது ஓணான்.

சுருளி யோசித்து உண்மையைச் சொன்னது. "பசி."

"அது மெஸ் கமிட்டி. இங்க எழுத்து, உடம்பு, மனசு. இந்த மூணுதான்."

"எனக்கு மூணும்தான் இருக்கு."

ஓணான் தலையாட்டியது. "இருக்கலாம். ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் இருக்கணும்."

சுருளி முதலில் எழுத்து உதவிக்குப் போனது. அங்கே ஒரு கொக்கு, ஒற்றைக்காலில் நின்றபடி மாணவர்களின் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தது.

"மாதிரிகள் இப்போது என் கைவசம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, ஆய்வேட்டில் அப்படி எழுதலாமா?" என்றது கொக்கு. "எங்கே போயின?"

"உள்ள போயிருச்சுங்க."

கொக்கு கண்ணை மூடித் திறந்தது. பிறகு அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது: 'சேகரிக்கப்பட்ட மாதிரிகள் அனைத்தும் ஆய்வாளரால் முழுமையாக உள்வாங்கப்பட்டன.'

அதைப் படித்ததும் சுருளிக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது. கூரப்பனுக்கு வரவில்லை. 'உள்வாங்கப்பட்டன என்றால்?' என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்து உடல் நலப் பிரிவு. அங்கே குரங்கு யோகா சொல்லிக்கொடுத்தது. உடம்பை வளைத்துத் தலையைக் காலுக்குள் நுழைக்கச் சொன்னது. மற்றவர்கள் முக்கினார்கள், முனகினார்கள். சுருளி ஒரே நொடியில் முழு வட்டமாகிவிட்டது. உண்மையில் குரங்கு கத்திய கத்தலில் பயந்துதான் சுருண்டது. அதற்கு முதல் பரிசு கொடுத்து, புகைப்படம் எடுத்து, 'மன அமைதிக்கு வழி' என்ற வாசகத்தோடு வாசலில் மாட்டினார்கள். வாழ்க்கையில் அதற்குக் கிடைத்த முதல் சான்றிதழ் பயத்துக்குத்தான்.

கோடை பாதி கழிந்துவிட்டது, மழைக்கு இன்னும் சில மாதங்களே.

மிச்சமிருந்தது மனநல ஆலோசகர். முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். செவ்வந்தி என்ற முயல். தற்காலிகப் பணி. மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிற வேலைக்குக் காது பெரிதாக இருந்தால் போதும் என்று தேர்வுக் குழு அதை எடுத்திருந்தது. எங்கள் பல்கலைக்கழகம் தப்பித் தவறிச் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

சுருளி அந்த அறை வாசலிலேயே பயந்து சுருண்டு, உருண்டே உள்ளே வந்தது. மேசைக் காலில் முட்டி நின்றது. செவ்வந்தி நாற்காலியிலிருந்து இறங்கி, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது.

"வெளிய வரணும்னு கட்டாயம் இல்லை," என்றது. "உள்ள இருந்தே சொல்லுங்க. எனக்குக் கேக்கும்."

பிறகு பந்துக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"தரவைத் தின்னுட்டேன்."

நான் சுவரில் 'இச்' என்று சிரித்துவிட்டேன். செவ்வந்தி என்னைப் பார்த்த பார்வையில் என் வால் தானாக அறுந்து விழுந்தது.

"எப்பெல்லாம் தின்னீங்க?" என்று அது சுருளியிடம் கேட்டது.

"போறப்பெல்லாம்."

"புற்றுக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடுவீங்களா?"

பந்து மெல்ல அவிழ்ந்தது. முதலில் மூக்கு வந்தது, அப்புறம் ஈரமான கண்கள். "இல்லைங்க. ஆராய்ச்சிக்கு நேரமாச்சேன்னு வெறும் வயித்தோட ஓடுவேன்."

"நாளைக்கு வேற புற்றுல வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, அப்புறம் ஆராய்ச்சிக்குப் போங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா மறுபடி வாங்க, வேற யோசிக்கலாம்."

சுருளி மறுநாள் அப்படியே செய்தது. ஆய்வுப் புற்றின் முன் உட்கார்ந்தபோது நாக்கு ஒரே ஒரு தடவைதான் வெளியே வந்தது, அதுவும் கொட்டாவிக்கு. முதல்முறையாக ஒரு வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் பிறகு விடிந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் புற்று என்று அலைந்தது. புற்றில் பாதிக்கு மேற்பட்ட கறையான்கள் ஒரு வேலையும் செய்யாமல் பரபரப்பாக நடக்க மட்டும் செய்கின்றன என்று கண்டுபிடித்தது. அந்த அதிகாரத்தை வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அறிவியல் என்னைப் பற்றியும் பேசுகிறதே!

விஷயம் பரவியது. பொம்மி போனது, மான் போனது, மரங்கொத்தி போனது. செவ்வந்தி கேட்டது, அவை சொல்லின, திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தன. மறுபடி வரவில்லை. கொக்கிடம் போனவர்கள் வாரா வாரம் போனார்கள். குரங்கிடம் போனவர்கள் சுளுக்கோடு திரும்பி, சுளுக்குக்காக மறுபடி போனார்கள்.

மையத்தின் இயக்குநர் மயில்வாகனன் என்ற மயில். ஆண்டுத் தணிக்கைக்காகத் தோகையை விரித்துக்கொண்டு செவ்வந்தியின் அறைக்கு வந்தது. அறை சின்னது, தோகை பாதிதான் உள்ளே வந்தது.

"எழுத்துப் பிரிவுல கூட்டம் அலைமோதுது. யோகாவுல இடமே இல்லை. உங்க அறை வாசல்ல ஏன்மா யாரும் நிக்கலை?"

"எல்லாரும் சரியாகிட்டாங்க சார்."

"அதைத்தான் சொல்றேன். உங்க சேவைக்குத் தேவை இல்லைன்னு தெரியுது. இப்போதைக்கு முடியாம இருக்கறது அந்தச் சுருளி ஒண்ணுதான். அதுவும் ஆய்வேட்டைக் கொடுத்துட்டா, உங்களை விடுவிச்சிருவோம்."

சுவரில் இருப்பவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அன்று மாலையே சுருளியிடம் சொல்லிவிட்டேன். முடித்த ஆய்வேட்டை அது அப்போதுதான் அட்டை போட்டு வைத்திருந்தது. கேட்டதும் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டது.

காற்றில் மண்வாசனை அடித்தது. சுருளி செவ்வந்தியிடம் போனது. இந்த முறை சுருளாமல், நடந்தே போனது.

"ஆய்வேட்டைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். நான் கொடுக்கப் போறதில்லைங்க. இன்னும் சரியாகலைன்னு எழுதிக்கங்க."

செவ்வந்தியின் காதுகள் பின்னால் படிந்தன. அதற்குக் கோபம் வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"எனக்காக உங்க அம்மாவை இன்னும் எவ்வளவு காலம் காக்க வைப்பீங்க? வானத்தைப் பாருங்க. உடனே போய்க் கொடுங்க!"

"உங்களுக்கு வேலை போயிருமே."

"போனா போகட்டும். நான் செஞ்ச முதல் நல்ல வேலையை நீங்க கட்டிலுக்கு அடியில போட்டு வச்சிருக்கீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியலை."

சுருளி ஓடியது. எறும்புதின்னி ஓடி நான் பார்த்ததில்லை. ஆய்வேடு கூரப்பனின் மேசையில் விழுந்தபோது சன்னலில் முதல் தூறல் விழுந்தது.

பட்டமளிப்பு விழாவுக்குச் சுருளியின் அம்மா வந்திருந்தது. விழா முடிகிறவரை கைதட்டிக்கொண்டே இருந்தது, யார் பேர் வாசித்தாலும். அதே வாரம் செவ்வந்தியை அனுப்பிவிட்டார்கள். மயில்வாகனன் பொன்னாடை போர்த்தி, 'இத்தனை பேரைக் குணப்படுத்தியதற்காக' என்று காரணமும் சொன்னது.

முனைவர் சுருளிக்கு வேலை கிடைக்கவில்லை. அதைவிட, தூக்கம் வரவில்லை. கடைசியில் அது கூரப்பனின் வீட்டுக்குப் போனது.

"சார், இன்னொரு முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்ணணும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அதை அப்படியே எழுதிக் கொடுங்க சார். மையத்துல காட்டணும்."

கூரப்பன் அதை உற்றுப் பார்த்தார்.

"அந்த முயல் பொண்ணுக்காகவா?"

"ஆமாம் சார்."

"நானும் ஒரு தடவை அந்தப் பக்கம் போயிருக்கேன்," என்றார் அவர், சன்னலைப் பார்த்தபடி. "ஆசிரியர்களுக்கு அனுமதி இல்லைன்னு ஓணான் தலையாட்டிச்சு. அந்தப் பொண்ணு வெளிய வந்து, உட்காருங்க சார்னு சொல்லி, பக்கத்துல அதுவும் உட்கார்ந்துச்சு. என் பக்கத்துல யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை."

பிறகு பேனாவை எடுத்து எழுதினார்: 'இந்த மாணவனின் நிலை மிகவும் கவலைக்கிடம். என் அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மயில்வாகனன் அதைப் படித்துவிட்டுத் தோகையை முழுதாக விரித்தது. "பட்டம் வாங்கின பிறகும் தீராத பிரச்சினையா! இது அபூர்வம். இதுக்குத் தற்காலிக ஆள் போதாதே!" என்று சொல்லி, செவ்வந்தியைத் திரும்ப அழைத்து நிரந்தரமாக்கியது. துடைப்பங்களை வேறு அறைக்கு மாற்றி, சன்னல் உள்ள அறையையும் கொடுத்தது.

இப்போது வாரா வாரம் சுருளி அந்த அறைக்கு வருகிறது. சொல்ல அதனிடம் பிரச்சினை எதுவும் இல்லை. அதனால் செவ்வந்தி தன் கதையைச் சொல்கிறது: வளையில் ஒழுகும் மழை, தங்கைக்குத் தள்ளிப்போகும் கல்யாணம். சுருளி காலை நீட்டி உட்கார்ந்து கேட்கிறது. இரண்டாம் ஆய்வின் தலைப்பை அது இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், நான் அந்தத் தியாகத்தைப் பல வருடமாக, யாரும் சொல்லாமலேயே செய்துவருகிறேன். எனக்குத்தான் பாராட்டு விழா எடுக்க ஆள் இல்லை.

நீதி: உன் பிரச்சினையை நம்பி நாலு குடும்பம் பிழைக்கிறது, அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதே.