ரேடியோவுக்கு வைத்த சந்தனம்

ஒரு பொருள் தேவையில்லை என்று நிரூபிக்கக் கிளம்புகிறவன், முதலில் அதை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்த அற்ப விஷயம் என் மண்டையில் ஏறாததால், ஆக்லாந்தில் ஒரு காலை முழுக்க எங்கள் கம்பெனி லாரிகள் அத்தனையின் வாயையும் அடைத்து வைத்தேன். (அடைத்தது நான்தான் என்பது எனக்கே கடைசியில்தான் தெரிந்தது.)

2015. ஈஸ்ட் டாமாக்கியில் அந்த லாரி கம்பெனியின் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் இங்கேயே குடியிருக்க ரெசிடென்ஸிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் மனைவி வித்யாவோடு மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எதையாவது சாதித்துக் காட்டும் வெறியில் இருந்தவன் கண்ணில், லாரிகளில் இருந்த ரேடியோ செட்டுகள் பட்டன. சுருட்டை ஒயரில் ஒரு மைக், அதன் பக்கத்தில் அழுத்திப் பேச ஒரு பட்டன். கையில் போன் இருக்கும் காலத்தில் இந்தக் கண்றாவி எதற்கு? போனில் ஓடுகிற மாதிரி ஒரு ஆப் செய்தேன். முதலாளி டேவ், "ஒரு நாள் ஓட்டிக் காட்டு" என்றார்.

அந்த ஒரு நாள் ஆயுத பூஜையாக அமைந்தது. ஓட்டுநர் சுப்ரா அண்ணன் ஈப்போவிலிருந்து வந்தவர். பூஜை போடாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. (எனக்கு உற்சாகம் வந்தாலே வித்யா பயப்படுவாள்.) சந்தனத்தைக் குழைத்து ஸ்டியரிங், கண்ணாடி, என் போன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஓய்வு பெறப்போகும் ரேடியோவுக்கு மட்டும் மரியாதை குறையலாமா? மைக்கின் பட்டன்மேலேயே கட்டைவிரலால் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தேன்.

பட்டன் உள்ளே போனது. சந்தனம் காய்ந்து அதை அங்கேயே பிடித்துக்கொண்டது. ரேடியோவில் ஒருவர் பேசும்போது அந்தச் சேனலில் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. செட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. குங்குமம் நன்றாக எடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களாண்ணே, கிளம்புனதுலேருந்து ரேடியோல ஒரு சத்தம் இல்ல. எவனுக்கும் இது தேவையில்ல."

"ஆமா லா, இன்னிக்கி ஒரே அமைதி. எப்பவும் செல்வி கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

செல்வி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். டெப்போவில் உட்கார்ந்து லாரிகளுக்கு ரேடியோவில் வழி சொல்பவர், வித்யாவின் தோழி. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களுக்குப் புட்டு கொடுத்துவிடுவார்.

"அந்தப் புட்டை வச்சு சுவரு கட்டலாம்ணே. பாதியை நான் சீகல் பறவைக்குப் போட்டுருவேன்" என்றேன். பிறகு பேச்சை டேவ் பக்கம் திருப்பினேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்து மட்டும் போடட்டும். ரெசிடென்ஸி வந்ததும் இந்த டீசல் நாத்தத்துக்கு ஒரு கும்பிடு."

போன் அடித்தது. செல்வி அக்கா. துண்டித்தேன். போனில் அழைக்கக் கூடாது, ஆப்பில்தான் செய்தி அனுப்ப வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இங்க ஒருத்தருக்கும் ஏற மாட்டேங்குது." ஆப்பிலோ செய்தி எதுவும் வராமல் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

மோட்டார்வேயில் விபத்து. அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லச் செல்வி அக்காவுக்கு வழியில்லை. எங்கள் லாரிகள் வரிசையாகப் போய் நெரிசலில் சொருகிக்கொண்டன. ஒடாஹுஹு பக்கம் நாங்களும் நின்றோம். பின்னால் நின்ற எங்கள் லாரியிலிருந்து ஒரு சமோவாக்காரர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். மைக்கை எடுத்துச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பட்டன் வெளியே வந்தது. கூடவே செல்வி அக்காவின் குரலும்.

"தம்பி, கதைச்சு முடிஞ்சுதோ? டேவ் உம்மை உடன வரச் சொல்லுறார்."

காலை முழுக்க நான் பேசியது டெப்போவுக்கும் அத்தனை லாரிக்கும் கேட்டிருக்கிறது. டேவ் அறையில் செல்வி அக்காவும் இருந்தார். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் அபராதம், ரேடியோ மைக்கை எடுக்கச் சட்டம் விடுகிறது, இதாவது தெரியுமா என்று டேவ் கேட்டார். தெரியாது. பிறகு செல்வி அக்காவிடம் திரும்பி, காலை முழுக்க இவன் உங்கள் மொழியில் என்னதான் பேசினான் என்றார்.

செல்வி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் ரெசிடென்ஸி மொத்தமும் புட்டு அவித்த அந்தக் கையில் இருந்தது.

"ரேடியோ இல்லாமல் கம்பெனி ஓடாது என்று விளக்கினார். இந்த வேலை அவருக்கு உயிர்" என்றார் ஆங்கிலத்தில்.

"அதற்கா இவ்வளவு நேரம்?"

"எங்கள் மொழி கொஞ்சம் நீளம்."

டேவ் நம்பினாரா, தெரியாது. ரேடியோ நிலைத்தது, நானும் நிலைத்தேன். வெளியே வந்ததும் செல்வி அக்கா, "வெள்ளிக்கிழமை நானே புட்டு கொண்டு வாறன். எனக்கு முன்னால இருந்து சாப்பிடும்" என்றார்.

ரெசிடென்ஸி வந்தது, பாட்டனி டவுன்ஸில் வீடு வாங்கினோம், மகளும் பிறந்து வளர்ந்துவிட்டாள். அந்தக் கம்பெனியை விட்டு நான் அசையவில்லை. விலகப்போகிறேன் என்று வாயெடுத்தால், "டேவுக்கு மிச்சத்தையும் சொல்லட்டோ?" என்பார் செல்வி அக்கா. வெள்ளிக்கிழமை தோறும் எதிரில் உட்கார்ந்து, "எப்பிடி இருக்கு, தம்பி?" என்று கேட்கிறார். "பிரமாதம்க்கா" என்கிறேன். உடனே என் மகள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்வாள்: "நோ மைக், அப்பா. யூ கேன் டெல் த ட்ரூத்."