மூன்று கணினிகளும் என் பணிமூப்புப் பட்டியலும்

பொறுமைமிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். இங்கு மனிதர்கள் எல்லோரும் நலம். கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. போனில் சொன்னால் தாங்கள் சிரிப்பது காதில் விழும் என்பதால் கையால் எழுதிச் சின்னவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் எந்த லினக்ஸ் கணினியில் யார் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் அங்கே வரவேண்டும் என்று, மூவருடையதையும் கூடத்துக் கணினியில் வைத்து மற்ற இரண்டையும் அதோடு இணைத்தேன். "நான் வந்து செய்யறேன் மாமா, நீங்க தொடாதீங்க" என்று தாங்கள் சொன்னது நினைவிருந்தது, தொட்டேன். ஒவ்வொரு கணினியிலும் மூவருக்கும் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஆயுள் முழுக்கப் பணிமூப்புப் பட்டியல் போட்டவன் அல்லவா! கூடத்தில் குடும்பத் தலைவன் என்று என்னை முதலில் சேர்த்தேன். படுக்கையறையில், அது யார் ராஜ்யம் என்று தெரிந்ததால், உங்கள் அத்தையை. சின்னவள் அறையில் அவளை. யார் மனமும் கோணவில்லை. லினக்ஸ் பெயரைப் பார்ப்பதில்லையாம்; சேர்த்த வரிசைப்படி தரும் எண்ணைத்தான் பார்க்குமாம். கூடத்தில் எனக்கு உள்ள எண் படுக்கையறையில் உங்கள் அத்தைக்கு! அவள் ஃபோல்டர் அவளுக்கே திறக்கவில்லை. என்னுடையது தாராளமாகத் திறந்தது.

"என்னங்க, என் மொழிபெயர்ப்பைக் கேட்டா உங்க கவிதையைக் காட்டுது!"

"படிச்சுப் பார்த்தியா?"

"இருக்கற கஷ்டம் போதாதா?"

அந்த மொழிபெயர்ப்பு நாளை காலை பதிப்பகத்துக்குப் போகாவிட்டால் அடுத்த புத்தகம் வேறொருவருக்கு. பதறிப்போய்ச் சின்னவள் கணினியில் உட்கார்ந்து, "அந்த ஃபோல்டர் அவளுக்கே சொந்தம்" என்று கட்டளை கொடுத்தேன். அந்த அறையில் உங்கள் அத்தைக்கு மூன்றாம் எண்; ஃபோல்டரில் அந்த எண்தான் பதிந்தது. மற்ற இரண்டு அறைகளிலும் மூன்றாம் எண் சின்னவளுக்கு. ஆக, படுக்கையறையில் திறக்காதது இப்போது கூடத்திலும் திறக்கவில்லை. "அப்பா, இனிமே இந்த ரூம் பக்கமே வராதீங்க" என்று சின்னவள் கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூடச் சரியாக அமையவில்லை. தயவுசெய்து உடனே புறப்பட்டு வரவும்.

மூத்தவளும் தாங்களும் நீடூழி வாழ்க.

அன்புள்ள
மாமா

பி.கு.: கடிதத்தை வாங்கிப் படித்த சின்னவள் சொல்கிறாள்: நான் கட்டளை கொடுத்த அவள் அறைக் கணினியில் மட்டும் அந்த ஃபோல்டர் அப்போதே திறந்துவிட்டதாம். உங்கள் அத்தை அங்கேயே உட்கார்ந்து வேலையை முடித்து, நேற்றே அனுப்பியும்விட்டாளாம். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று உங்கள் அத்தையைக் கேட்டேன். "சொன்னா, படிச்சுத் திருத்தறேன்னு உக்காந்திருப்பீங்க" என்கிறாள் அவள். இப்போது அவள் ஃபோல்டர் எந்தக் கணினியிலும் எனக்குத் திறக்காதாம். ஆகவே தாங்கள் மெதுவாகவே வரலாம். அடுத்த புத்தகம் முடியும்வரை வராவிட்டால் இன்னும் நல்லதாம்.