எச்சரிக்காத கப்டன்

“எச்சரிக்கை குடுத்துப்போட்டுக் கோபுரத்தைத் தகர்க்கிறவன் ஒரு கப்டனோ? சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்க வைக்கவேணும், ஒஸ்வால்ட்! அதுதான் வீரம்!”

தொலைபேசியில் இப்படிக் கத்தி முடித்த பிறகுதான் நாகேந்திரம் திரும்பிப் பார்த்தான். அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி கனகேஸ்வரி அன்ரி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரோரம் நின்றார்.

“தம்பி, ஆரைத் தகர்க்கப் போறியள்?”

“ஐயோ அன்ரி, அது படம்! சந்திரனிலை நடக்கிற கதை!”

“சந்திரனிலை நடந்தால் சந்திரனிலை போய் நிண்டு கதையுங்கோ. இது வெள்ளவத்தை. இது என்ரை ரெலிபோன்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. போர்க்காலத் தலைநகரில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தும்முவதென்றாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தும்மிய காலம். எதிர் லொட்ஜில் இருந்த மூன்று பொடியன்களைப் போன கிழமை பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. இரவில் வாகனச் சத்தம் கேட்டாலே நாகேந்திரம் விளக்கை அணைத்துவிடுவான். அப்படிப்பட்டவன் படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மட்டும் தன்னை மறந்துவிடுவான்.

படம் இதுதான். சந்திரனில் ஒரு கோபுரம். கோபுரத்துக்குள் எதிரிகள். கப்டன் ஒரு வார்த்தை பேசாமல் பொத்தானை அழுத்துவார்; கோபுரம் தூளாகும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் வெள்ளவத்தை வீடியோ கசெற் கடை ஒன்றில் நாகேந்திரம் இந்தப் படத்தைப் பிரதி எடுப்பித்து வாங்கினான். அவன் கூட்டாளிகள் எல்லோருமே அதை அந்த ஒரே கசெற்றில்தான் பார்த்தார்கள், அதிலேயே பைத்தியமும் ஆனார்கள். இப்போது அதே இயக்குநர் ‘புதிய காட்சிகளுடன்’ என்று விளம்பரம் போட்டுப் படத்தைத் திரும்ப வெளியிட்டிருந்தார். கொள்ளுப்பிட்டித் தியேட்டரில் போய்ப் பார்த்தால், பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் கப்டன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, உள்ளே இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்று நீட்டி முழக்குகிறார்.

அன்றைக்கு நாகேந்திரம் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட், “இதுதான் மச்சான் சரி, மனுசனுக்கு மனச்சாட்சி வேணும்” என்றான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஒஸ்வால்ட் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அன்று தொடங்கிய சண்டை தொலைபேசியில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது.

அன்ரி கேட்ட அன்றிரவு நாகேந்திரம் தான் இத்தனை நாளும் அந்தத் தொலைபேசியில் பேசியவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். கப்டன். கோபுரம். வெடி. எச்சரிக்கை வேண்டாம். எவனாவது ஒட்டுக் கேட்டிருந்தால்?

மறுநாள் தான் வேலைசெய்த கந்தோரின் தொலைபேசியில் ஒஸ்வால்டைக் கூப்பிட்டுக் குசுகுசுத்தான். “இனி அந்தச் சொல்லுகள் ஒண்டும் வேண்டாம். கப்டனை மாமி எண்டு சொல்லு. கோபுரத்துக்குப் புட்டுப்பானை. வெடிக்கிறதுக்குத் தாளிக்கிறது.”

“மாமியா? ஏன் மாமி?”

“மாமியை ஆரடா பிடிக்கப் போறான்?”

அன்று மாலை, அன்ரி அடுப்படியில் நிற்கும்போது பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியது.

“மாமி வாயே திறக்கக்கூடாது, ஒஸ்வால்ட். புட்டுப்பானையை அப்பிடியே தாளிச்சுப்போட்டுப் போகவேணும்… இல்லை, உள்ளுக்கை ஆக்கள் இருந்தாலும் தாளிக்கவேணும்!”

அன்ரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

“தம்பி, புட்டுக்கு ஆர் தாளிக்கிறது?”

நாகேந்திரம் தொலைபேசியைக் கையால் பொத்தினான்.

“நாப்பது வருசமாய்ப் புட்டு அவிக்கிறன். புட்டுப்பானைக்குள்ளை ஆக்கள் இருக்கிறதை நான் காணேல்லை. நேற்றாவது கோபுரம் எண்டு வெளியாலை சொன்னனீங்கள். இண்டைக்கு மறைச்சுக் கதைக்கிறியள். மறைக்கிறதுக்கு ஏதோ இருக்கெண்டுதானே அர்த்தம்?”

“அன்ரி, சத்தியமாய்—”

“பொலிஸ் பதிவிலை உங்களுக்கு வீட்டுக்காரியாய்க் கையெழுத்து வைச்சது நான். உங்களைக் கொண்டுபோனால் என்னையும் கொண்டுபோவாங்கள். இந்த வயசிலை எனக்கு நாலாம் மாடியிலை ஏறேலாது.”

விசாரணைக்குக் கொண்டுபோகும் அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் அன்ரியே போய் ஜன்னலைச் சாத்தினார்.

சரி, கதைத்தால்தானே வில்லங்கம்? நாகேந்திரம் கதைப்பதை அடியோடு நிறுத்தினான். ஒஸ்வால்ட் கந்தோருக்கு எடுத்தபோது, தான் இல்லை என்று சொல்லச் சொன்னான். வீட்டுக்கு எடுத்தபோது குளியலறைக்குள் புகுந்து தண்ணீரைத் திறந்துவிட்டான். இரண்டு நாள் நிம்மதியாகக் கழிந்தது. மூன்றாம் நாள் தொலைபேசியை அன்ரியே எடுத்தார். மறுமுனையில் ஒஸ்வால்ட் கிட்டத்தட்ட அழுதான்.

“அன்ரி, உண்மையைச் சொல்லுங்க. நாகுவைப் பிடிச்சிட்டாங்களா? கசெற்றையும் எடுத்திட்டாங்களா?”

அன்ரி தொலைபேசியை ஆறுதலாக வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினார்.

“தம்பி, வெளியாலை வாங்கோ. உங்கடை கூட்டாளியே நீங்கள் பிடிபடவேண்டிய ஆள் எண்டு எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார். அது என்ன கசெற்?”

அந்தக் காலத்தில் தமிழன் வீட்டில் வீடியோ கசெற் இருப்பதே ஒரு பயம். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அதில் இருப்பது கலியாணவீடு என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். அன்ரி தன் மகள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுக் கசெற்றையே இரண்டு வருடங்களுக்கு முன்னர் எரித்துவிட்டவர்.

“இண்டைக்கே எரியுங்கோ.”

“அன்ரி, இதை மட்டும் கேக்காதேங்கோ. பழைய படம் இப்ப ஒரு கடையிலையும் இல்லை. இதுவும் போனால் அந்தக் கப்டன் உலகத்திலையே இல்லை.”

சொல்லும்போதே அவன் அழுதுவிட்டான். அன்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு அழுகிறவன் குண்டு வைக்கிற ஆளாக இருக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் இளகினார். கொம்பனித்தெருவில் புவாத் என்றொரு முஸ்லிம் கூட்டாளி இருந்தான். அவன் வீட்டில் ஒருவரும் சோதனை போடுவதில்லை. கசெற்றை அங்கே சேர்த்துவிடுவதென்று முடிவாயிற்று.

“கசெற் எண்டு தெரியாமல் நான் கட்டித் தாறன்” என்றார் அன்ரி.

கட்டித்தான் தந்தார். பழைய துணி சுற்றி, மண்ணிறக் காகிதம் சுற்றி, அதற்கு மேல் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக முடிச்சுப் போட்டு. இனி அது கசெற் என்று எவனாலும் சொல்ல முடியாது. அது வேறு என்னவாக இருக்கும் என்றுதான் பார்த்தவுடனே தோன்றியது.

பஸ் காலி வீதியில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்வரை நாகேந்திரம் பொதியை மடியில் வைத்துக் கும்பிடாத தெய்வமில்லை. கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட பஸ் நின்றது. சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையோடு நடந்து போகவேண்டும். முன்னால் ஒரு மனிசியின் சோற்றுப் பார்சலைக்கூட அவிழ்த்துப் பார்ப்பது ஜன்னலால் தெரிந்தது.

அவனுடைய கால்கள் அவனைக் கேட்காமலே ஒரு வேலை செய்தன. பொதியை ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டன. வெறுங்கையோடு இறங்கினான். சோதனையும் முடிந்தது. அப்பாடா என்று மறுபக்கம் போய் நின்றபோதுதான் பஸ்ஸுக்குள் இருந்து கொண்டக்டரின் குரல் கேட்டது.

“மே பார்சலய காகெத?”

பொதி யாருடையது என்று அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஜன்னலால் குதித்து வெளியே வந்தார். “போம்ப!” என்று யாரோ கத்தினார்கள். அதன் பிறகு காலி வீதி காலி வீதியாக இருக்கவில்லை. கடைகளின் இரும்புக் கதவுகள் விழுந்தன. செருப்புகள் ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமுமாக ஓடினார்கள். ஒரு தாய் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள்ளேயே இறங்கிக் குந்தினாள். நாகேந்திரமும் ஓடினான். அது தன் கசெற் என்று தெரிந்திருந்தும், எல்லோரும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவனுக்கும் அது குண்டோ என்ற பயம் பிடித்துவிட்டது.

குண்டு அகற்றுகிறவர்கள் வந்தார்கள். நீளக் கயிற்றில் கொக்கி மாட்டிப் பொதியைத் தெருவுக்கு இழுத்தார்கள். சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள். ஒருவன் வயரைப் பொருத்தத் தொடங்கினான். இருக்கிற இடத்திலேயே வெடிக்க வைத்துவிடுவார்கள்.

நாகேந்திரம் ஒரு புடைவைக் கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். பொதி அவனுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படியே கடற்கரைப் பக்கமாக இறங்கி வீட்டுக்குப் போகலாம். போகத்தான் திரும்பினான். ஆனால் கப்டன் வாய் திறக்காமல் பொத்தானை அழுத்துகிற அந்த ஒரு கணம், இந்த உலகத்தில் அந்தப் பொதிக்குள் மட்டும்தான் இருக்கிறது. சாகிற அளவுக்குப் பயந்துகொண்டே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“எபா! எபா! ஏக பிலிம் எகக்! வேண்டாம் சேர், அது படம்!”

சாவடியில் நின்ற சிப்பாய்களின் எல்லாத் துவக்குகளும் ஒரேயடியாக அவன் பக்கம் திரும்பின.

உன்னுடையது என்றால் நீயே அவிழ் என்றார்கள். தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார்கள். அன்ரியின் முடிச்சுகள் லேசில் அவிழ்கிறவையா? நகத்தால் முயன்றான், பிறகு பல்லால் கடித்தான். நடுத்தெருவில் முழங்காலில் நின்று, கண்ணீர் வடிய, சணல் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தைப் பற்றி அவன் பிற்காலத்தில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

அவனையும் கசெற்றையும் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். பியதாச என்ற நடுத்தர வயதுக் கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. படம் என்றால் போட்டுப் பார்க்கலாமே என்றார் இன்ஸ்பெக்டர். எங்கிருந்தோ ஒரு வீடியோ டெக் வந்தது. பியதாச கசெற்றைக் கையில் வாங்கி, அதில் ஒட்டியிருந்த கடையின் சீட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளினார்.

நிலையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். கூண்டுக்குள் இருந்த ஒரு கள்ளன்கூடக் கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தான். நாகேந்திரத்துக்கு மட்டும் படம் தெரியவில்லை. கோபுரம் வரப்போகிறது என்ற ஒன்றுதான் தெரிந்தது.

வந்தது. கப்டன் பொத்தானுக்குக் கிட்டப் போனார். திரையில் இரண்டு கோடு ஓடியது. பொத்தான் அழுந்தியது. கோபுரம் தூளாகிப் பறந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பி ஏதோ கேட்டார்.

“உள்ளுக்கு ஆக்கள் இருக்கும்போது சொல்லாம வெடிக்க வைக்கிறார். இது உங்களுக்குப் புடிச்சிருக்கா எண்டு சேர் கேக்கிறார்” என்றார் பியதாச.

இத்தனை காலமும் எந்த வீரத்துக்காக ஒஸ்வால்டோடு தொண்டை கிழியக் கத்தினானோ, அதைச் சொல்லவேண்டிய இடம் இதுதான். நாகேந்திரம் சுவரைப் பார்த்தான். மூலையில் சாத்தி வைத்திருந்த தடிப்பொல்லைப் பார்த்தான்.

“சேச்சே! எனக்குத் துண்டாய்ப் பிடிக்காது, சேர்! எச்சரிக்கை குடுக்கவேணும்! மனுசனுக்கு மனச்சாட்சி வேணும்! புதுப் படத்திலை இயக்குநர் அதைச் சேர்த்திருக்கிறார். அதுதான் நல்ல படம். இது காட்டுமிராண்டிப் படம், சேர். எறியத்தான் கொண்டு போனனான்!”

பியதாச அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, இனிமேல் பஸ்ஸில் பொதி விட்டுவிட்டு இறங்கினால் தானே கொண்டுபோய் உள்ளே போடுவதாகச் சொல்லிப் போகவிட்டார்.

நாகேந்திரம் படியிறங்கினான். உயிர் திரும்பி வந்ததே தவிர மனம் குழம்பிக் கிடந்தது. துவக்குகளுக்கு முன்னால் ஓடிப்போய்க் காப்பாற்றியவன், ஒரு கேள்விக்குப் பயந்து கப்டனைக் காட்டிக்கொடுத்துவிட்டான். ஒஸ்வால்டின் வசனத்தையே ஒரு சொல் மாற்றாமல் ஒப்புவித்ததை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மாத்தயா!”

‘ஐயா’ என்று சிங்களத்தில் கூப்பிட்டுக்கொண்டு பியதாச கசெற்றோடு பின்னால் ஓடிவந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். முகத்தில் பொலிஸ்காரனுக்கு இருக்கக்கூடாத ஒரு கூச்சம்.

“எறிய வேணாம், வைச்சுக்கொள்ளுங்க. நான் பொலிஸுக்கு வர முந்தி இந்தக் கடையிலதான் கொப்பி அடிச்சுக்கொண்டிருந்தேன். பழைய படத்திலயும் அந்தக் கப்டன் நல்லாச் சொல்லிப்போட்டுத்தான் வெடிக்க வைச்சவர், மாத்தயா. அண்டைக்கு ஊரடங்கு போட முந்தி வீட்டுக்குப் போகணும் எண்டு நான்தான் அவர் சொல்லுற இடத்தைக் கொப்பி எடுக்காம ஓடவிட்டேன்.”