திருப்பாத பக்கம்

"ஒரே ஒரு பக்கம் திருப்பிக் காட்டுங்க சார். வேலை செய்யுதான்னு பார்த்துட்டுத்தான் வாரண்டியை நீட்டிக்கணும்."

சர்வீஸ் சென்டர் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மின்னூல் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அதை மட்டும் கேட்காதீங்கம்மா. போன வருஷமெல்லாம் கேட்கலியே?"

"புது ரூல் சார்."

கருவி அவர் மனைவியுடையது. கடையில் அவர் லென்ஸ் தேய்க்க, அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து துப்பறியும் கதையை அவருக்கு வாய்விட்டுப் படிப்பாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவரின் பெண்டாட்டி, தான் மட்டும் போடமாட்டேன் என்று எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் பக்கத்துக்குப் பத்து வார்த்தை தேறினாலே அதிகம்.

'கதவு திறந்தது. கொலைகாரனைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். ஏனென்றால் அது'

"மீதி நாளைக்கு" என்று எழுந்து போனாள். அந்த நாளை வரவேயில்லை. நான்கு வருடமாகத் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். ஞாயிறு தவறாமல் சார்ஜ் போடுகிறார். திருப்பியது மட்டும் இல்லை.

"விரல்ல சுளுக்கும்மா."

"நான் திருப்பறேன், குடுங்க."

"ஐயையோ! அது... பட்டன் அமுங்காது."

"அப்போ ரிப்பேர்னு எழுதிக்கறேன். கழட்டினா உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையா?"

"ரிப்பேரா? சேச்சே, அமோகமா இருக்கு!"

"அப்போ திருப்புங்க."

அவசரமாக மகளுக்குப் போன் போட்டார். அவளோ, "புதுசு வாங்கிக்கோங்கப்பா. இதெல்லாம் அஞ்சாறு வருஷம்தான் உழைக்கும். வாரண்டி வாரண்டின்னு கம்பெனிக்காரனுக்குக் காசை அழுதுக்கிட்டு!" என்றாள்.

"என்னடி பேசறே? நாலு வருஷத்துல ஒரு நாள்கூட மக்கர் பண்ணலை. உங்கம்மா கை ராசி!"

இந்த வாய்ச்சண்டையில் கை கொஞ்சம் தளர்ந்தது. பின்னாலிருந்து வந்த மெக்கானிக் கருவியை லாகவமாக உருவி, பட்டனை அழுத்தியே விட்டார்.

கடைக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். போச்சு. கொலைகாரன் யாரென்று மனைவி சொல்லாமலே தெரிந்துவிடப்போகிறது.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். அதே பக்கம். அதே 'ஏனென்றால் அது'.

மெக்கானிக் மறுபடி அழுத்தினார். சார்ஜரில் செருகினார், தட்டினார். பிறகு திரையைத் தன் சட்டை நுனியால் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"இதுக்கு எதுக்கு சார் வாரண்டி? உசுரு போயி மூணு வருஷத்துக்கு மேல இருக்கும். இந்த மாதிரித் திரையில கடைசியாத் தெரிஞ்ச பக்கம் கரண்ட் இல்லாமலே நிக்கும், இனிமே யார் அமுக்கினாலும் திரும்பாது."