தலைமைப் பண்பில் முதுகலை

சான் ஹோசேயில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினெட்டு வருஷம் தலை நிமிராமல் வேலை பார்த்த ஜம்புநாதனுக்கு, மேனேஜர் ஆகலாமே என்ற நியாயமான ஆசை பிறந்தது. எச்.ஆரில் இருந்த அதிதியிடம் போய்ச் சொன்னார்.

"உங்க ஒர்க் சூப்பர் சார். ஆனா மேனேஜர் ஆக லீடர்ஷிப்ல மாஸ்டர்ஸ் வேணும். பாலிசி."

"இப்பவே ஏழு பேரை நான்தானே பாத்துக்கறேன்?"

"பாத்துக்கறீங்க. சர்டிஃபிகேட் இல்லாம பாத்துக்கறீங்க."

ஜம்புநாதன், வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே மாலை வகுப்பு நடத்தும் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். மகள் தீக்ஷாவின் படிப்புக்கென்று போட்டு வைத்திருந்த பணம், மேற்படி தகப்பனாரின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் தீக்ஷா.

மனைவி பர்வதம் நிதானமாகக் கேட்டாள். "மேனேஜர் ஆனா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதைத்தான் ரெண்டு வருஷம் சொல்லித் தர்றாங்க."

உண்மைதான். குரூப் ப்ராஜெக்டில் ஐந்து பேர், ஐவரும் தலைவர்கள். பேனாவைத் தொட்டால் தொண்டனாகிவிடுவோமோ என்று பயந்து ஒருவரும் எழுதவில்லை. வெறும் தாளைப் பார்த்த பேராசிரியர் கண் கலங்கினார். "வேலையைத் தள்ளிவிடறதுல என்ன ஒரு உறுதி!" என்று ஏ ப்ளஸ் போட்டார்.

ஜம்புநாதன் மேனேஜர் ஆனார். அதே படிப்பை முடித்து ஆபீஸில் மற்ற எல்லோரும்கூட மேனேஜர் ஆகியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் படுத்துவிட்டது. மேனேஜர்கள் கூடிப் பேசினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பேசினார்கள்.

"ரெண்டு நிமிஷ வேலை. நான் சரி பண்ணிடறேன்" என்று ஜம்புநாதன் எழுந்தார்.

அதிதி பதறிப்போனாள். "சார், மேனேஜர் கீபோர்டைத் தொடக் கூடாது!"

"அப்ப யார் தொடறது?"

நிர்வாகம் ஆழ்ந்து ஆலோசித்தது. இனி வேலை செய்ய விரும்புவோர் 'செயல்முறை உழைப்பில் முதுகலை' படித்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. அதே கல்லூரி அந்த வாரமே வகுப்பைத் தொடங்கியது. ஜம்புநாதன் வீட்டின் மேல் கடன் வாங்கிச் சேர்ந்தார்.

முதல் வகுப்பில் ஆபீஸே உட்கார்ந்திருந்தது, அதிதி உட்பட. அதே பேராசிரியர்தான் வந்தார். "எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது. தெரிஞ்சவங்க யாராவது பாடம் எடுங்க, நான் மேற்பார்வை பாக்கறேன்" என்றார்.

எல்லோரும் ஜம்புநாதனைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாரா வாரம் உயிரைக் கொடுத்துப் பாடம் எடுத்தார்.

பரீட்சையில் எல்லோரும் தேறினார்கள். ஜம்புநாதனை மட்டும் எழுதவே விடவில்லை. மாணவர் இருக்கையில் அவர் ஒருநாளும் உட்காரவில்லையாம், அட்டெண்டன்ஸ் போதவில்லையாம்.

விதி விதிதானே? வாத்தியாராக நின்று தன் பேருக்கு ஆப்சென்ட் போட்டதும் அவரேதான்.